கூதிரும் கூரையும்: மழைக்கு வீடு ஒருக்கியவர்கள் குறித்து

சென்னைக்கு மூன்றே பருவங்கள் என்று ஒரு கேலி உண்டு: வெயில், கடும்வெயில், கத்திரிவெயில். வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சிரித்ததை உள்ளூர்க்காரர்களும் வாங்கிக்கொண்டு திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கேலிக்குள் ஒரு மறதி வேலை செய்கிறது. ஓராண்டில் இந்நகரில் பெய்கிற ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேலானது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்களுக்கு இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் உள்ள பெயர் என்ன தெரியுமா? பருவமழைக்குப் பிந்தைய காலம். 1875இல் தொடங்கிய அத்துறைக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்வதே மழை, மற்றதெல்லாம் 'பிந்தையது'. நமக்கு எது பிரதானமோ அது மையத்தின் நாட்காட்டியில் ஒரு பின்னொட்டு. பெயரிடும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று காட்ட இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் வீட்டையும் தோட்டத்தையும் ஒருக்குவது பற்றி ஏராளமாக எழுதிவைத்திருக்கிறார்கள். சன்னல் இடுக்கை அடைப்பது, விறகு அடுக்குவது, குழாயில் நீர் உறையாமல் பார்த்துக்கொள்வது. நமக்கு அதற்கு நேரான வேலை ஆவணி, புரட்டாசியில் நடந்தது. ஆனால் அதற்கு ஒரு வரலாறு எழுதப்படவில்லை. அன்றாட வாழ்வின் கட்டமைப்புகளைத்தான் வரலாற்றின் அடித்தளம் என்றார் ஃபெர்னான் பிராதெல். ரொட்டியும் உப்பும் கணப்பும் அவருக்கு மன்னர்களைவிட முக்கியமாக இருந்தன. நாமோ சோழர் கட்டிய தளியை அளந்த அளவுக்குச் சோழ மண்டலத்துக் குடியானவன் கூரையை எப்படி மேய்ந்தான் என்று கேட்டதில்லை.

தமிழ் படித்தவர்களுக்குப் பருவம் என்றதும் தொல்காப்பியம் வந்துவிடும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கூதிர் என்றால் குளிர்ந்த காற்றோடு கூடிய மழைக்காலம். சென்னையின் அடைமழைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இலக்கணம் கூதிரைக் குறிஞ்சிக்குக் கொடுத்துவிட்டது. மலையும் யாமமும் கூடலும் அதோடு சேர்ந்தவை. சென்னை நெய்தல் நிலம். நெய்தலுக்குத் தனியாக ஒரு பெரும்பொழுது இல்லை. ஆறும் அதற்கு உரியவை என்று பின்னால் வந்த உரைகாரர்கள் ஈடுகட்டினார்கள். எல்லாம் உரியது என்றால் எதுவும் உரியதல்ல என்று அர்த்தம். அக இலக்கணத்தில் பருவம் உணர்ச்சிக்கான பின்னணி. உழைப்புக்கான காலம் அல்ல.

விதிவிலக்கு நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய இந்தப் பாட்டு அகமா புறமா என்கிற வழக்கு நச்சினார்க்கினியர் காலத்திலிருந்து நடக்கிறது. வேப்பந்தழை கட்டிய வேல் வந்துவிட்டது, பாண்டியனின் அடையாளம் அது, ஆகவே புறம் என்று அவர் தீர்ப்பெழுதினார். இந்த வழக்கில் மூழ்கிப்போன நம் ஆய்வுகள் அந்தப் பாட்டில் இருக்கும் வீட்டைப் பார்க்கவில்லை. வாடைக்காலத்து வீடு எப்படி மாறுகிறது என்பதற்குத் தமிழில் இருக்கும் மிகப் பழைய ஆவணம் அது. வேனிலில் பயன்பட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது, சிலந்தி அதில் நூல் கட்டிவிட்டது. தென்றல் வருவதற்காகத் திறந்துவைத்த மேல்மாடத்துக் கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. குளிர்ந்த நீர் வைக்கும் குறுகிய வாய்ப் பாத்திரத்தை யாரும் தொடுவதில்லை, அகன்ற வாயுள்ள தடவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்கிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. அகில் புகைகிறது. யாழின் நரம்பைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் பண் நிறுத்த வேண்டியிருக்கிறது.

சரி, இதையெல்லாம் செய்தது யார்? இங்கேதான் பிரதி வாய் மூடிக்கொள்கிறது. கதவைத் தாழிட்ட கை பாட்டில் இல்லை. கதவு தானாகவே தாழோடு சேர்ந்துகொண்டதுபோல் வாக்கியம் அமைகிறது. விசிறியைச் செய்த கம்மியன் வருகிறான், ஆனால் எப்படி வருகிறான்? விசிறிக்கு அடையாக, ஒரு பெயரெச்சத் தொடருக்குள் வருகிறான். மணப்பொருள் அரைக்கும் இளந்தொழுவர்களுக்கு ஒரு வரி. ஊருக்கு வெளியே, வெள்ளத்துக்குப் பயந்து மந்தையை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், கையை நெருப்பில் காட்டிப் பல் நடுங்க நிற்கும் கோவலர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம். அந்தக் கோவலர்களுக்கு அடைக்கக் கதவு இல்லை. மழை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் பெய்கிறது, ஒருக்கிக்கொள்ளும் வசதிதான் வேறு வேறு என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இப்பாட்டு தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது.

இனி மயிலாப்பூருக்கு வரலாம். மாட வீதிகளிலும் அதையொட்டிய சந்துகளிலும் இன்றைக்கு மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் அமைப்பே கூதிருக்கான விடைதான். தெருவிலிருந்து மூன்று நான்கு படி ஏறித் திண்ணை. அப்புறம் ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கி இறங்கும். இரண்டு சரிவு சேரும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். மழைநாளில் அந்த மூலையில் அண்டாவோ தவலையோ வைப்பார்கள். மழைத்தண்ணீரில் துவரம்பருப்பு பூப்போல வேகும் என்பது சமையலறையின் வேதியியல். உப்பற்ற மென்னீரில் பருப்பு சீக்கிரம் குழையும், அவ்வளவுதான் விஷயம்.

இந்த அமைப்பு தானாக நிற்காது. நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பது. பூனை ஓடினால் நகரும், காக்கை கொத்தினால் நகரும், தேங்காய் மட்டை விழுந்தால் உடையும். ஆகவே மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். ஓட்டைப் பிரித்து இறக்கி, செத்தையும் பாசியும் தட்டி, உடைந்ததைக் கழித்துப் புதுசு சேர்த்து, கீழிருந்து மேலாக மறுபடி அடுக்க வேண்டும். கூடல்வாயில் சேர்ந்த சருகை எடுக்காவிட்டால் முதல் மழையே கூடத்துக்குள் வரும். 1860களில் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டைப் பரப்பியபோது இந்த வருஷாந்திர வேலை குறைந்தது. குறைந்தது என்றால் யாருக்கு? வீட்டுக்காரருக்குச் செலவு குறைந்தது, ஓடு மாற்றியவருக்குப் புரட்டாசிக் கூலி போச்சு.

வசதி கூடியவர்கள் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். இந்நகரத்தின் பெயரையே தாங்கிய கூரை அது. தேக்கு உத்திரங்களின்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, மூலைவாட்டில் நிறுத்தி ஒட்டிக்கொண்டே போவது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவது. மேலே தட்டோடு பதிப்பது. சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேரும். தளத்தை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து, தாளம் தப்பாமல், பாடிக்கொண்டே அடித்தார்கள். அந்தத் தாளம் ஒரு தொழில்நுட்பம் என்பதை நம் கட்டடக்கலை நூல்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே சீராக அடி விழாவிட்டால் தளத்துக்குள் காற்றறை தங்கும். அந்த இடத்தில்தான் ஐப்பசியில் ஒழுகும். பாட்டு என்பது அங்கே அலங்காரமல்ல, தளத்தின் நீர்ப்புகாத் தன்மையே அதில் இருந்தது. வெள்ளைக்காரத் துரைகள் அடையாற்றங்கரையில் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளின் 'சுண்ணாம்பு' பளிங்கைப் போல மின்னியதாக வந்தவர் போனவரெல்லாம் வியந்து எழுதினார்கள். கிளிஞ்சல் பொறுக்கியவர், சூளையில் சுட்டவர், அரைத்தவர், தேய்த்தவர் யாரும் அந்த வியப்புக்குள் வரவில்லை. நெடுநல்வாடையின் பெயரெச்சம் இங்கேயும் தொடர்கிறது.

1904இல் இதே சென்னையில், கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி நடந்தது. அது நிலைக்கவில்லை. ஆனால் சிமெண்ட் வேறு வழியாக வந்து, தளம் அடித்த பெண்களைக் கலவைச் சட்டி சுமப்பவர்களாக மாற்றியது.

முதலில் பேசியிருக்க வேண்டியது குடிசை. கடைசிக்குத் தள்ளுவது நம் பழக்கம். கீற்றுக்கூரை அதிகம் போனால் இரண்டு மழைக்குத் தாங்கும். அடையாற்று ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் பட்டினப்பாக்கம், ஊரூர் குப்பத்து மணலிலும் இருந்தவர்களுக்கு மழைக்கு ஒருக்குவது என்பது கீற்று வாங்குவது, மூங்கிலை இறுக்குவது, வீட்டைச் சுற்றி மண் அணைப்பது, அடுப்பை மேடாக்குவது, ரேஷன் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூரையில் செருகுவது. மீனவர்களுக்குக் கூடுதலாகக் கட்டுமரத்தை மேல்மணலுக்கு ஏற்றும் வேலை. வாடை அவர்களுக்குக் கவிதைச் சொல் அல்ல, வேலை நின்றுபோகும் திசை. பின்னாளில் கீற்றின்மேல் தார்ப்பாய் வந்தது, அப்புறம் தேர்தல் முடிந்து கழற்றிய ஃப்ளெக்ஸ் பேனர். தலைவர்கள் தலைகீழாகக் கூரையில் படுத்து ஏழைகளை மழையிலிருந்து காப்பாற்றிய ஒரே சந்தர்ப்பம் அது என்று சொல்லத் தோன்றுகிறது.

அரசும் மழைக்கு ஒருக்கிக்கொண்டது. ஆனால் அதன் கவலை கூரை அல்ல, கப்பல். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபோர்தொனே அக்டோபர் பிறந்த பிறகும் கடற்கரையோரம் நின்றிருந்தார். ஒரே இரவுப் புயலில் அவருடைய கப்பற்படை சிதறியது. துறைமுகம் இல்லாத திறந்த கடற்கரையில் ஐப்பசி யாருக்கும் அடங்காது. 1792இல் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. அங்கு நட்ட கருங்கல் தூணில் லத்தீனோடு தமிழிலும் கல்வெட்டு வெட்டினார்கள். அதே வளாகத்தில்தான் இன்றைக்கும் நகரின் மழை அளக்கப்படுகிறது. அதற்கு முன் மழையைச் சொன்னது பஞ்சாங்கம். மார்கழியில் கர்ப்போட்ட நாட்களில் மேகம் எப்படி ஓடுகிறது என்று பார்த்து அடுத்த ஆண்டு மழையைக் கணிப்பார்கள். அது சரியா தப்பா என்பது இங்கே பிரச்சினை இல்லை. பஞ்சாங்கத்தைக் கேட்டவன் தன் வீட்டுக்கும் வயலுக்கும் என்ன செய்வது என்று யோசித்தான். மில்லிமீட்டரைக் கேட்கிறவன் அரசு என்ன செய்தது என்று யோசிக்கிறான். மழையை எதிர்கொள்ளும் பொறுப்பு வீட்டிலிருந்து அரசுக்குக் கைமாறிய வரலாறு இந்த அளவுகோல் மாற்றத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

கைமாறிய இடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் தியாகராய நகர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நீளமாக ஒரு ஏரி கிடந்தது. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் கீழ், நீதிக்கட்சி ஆட்சியில், 1923 முதல் மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். 1925இல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கு. பனகல், நடேசன், நாயர், உஸ்மான் பெயர்கள் பூங்காக்களுக்கும் சாலைகளுக்கும். பிராமணரல்லாதார் அரசியலின் நினைவுச்சின்னமாக ஒரு நகர்ப்பகுதியே எழுந்தது என்பது சாதாரண விஷயமல்ல, அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் நினைவு ஒன்று எழுத இன்னொன்று அழிய வேண்டியிருந்தது. ஏரிக்கு மழைக்காலம் என்றால் நிரம்பும் காலம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இன்னமும் இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் ஏரி தெரியாது, நவம்பரில் மட்டும் சில நாள் தெரியும்.

ஏரிமேல் குடியேறியவர்கள் தங்கள் வீட்டை எவ்வளவு ஒருக்கினாலும் பயனில்லை. ஓடு மாற்றுவதும் கூடல்வாய் சுத்தம் செய்வதும் மேலிருந்து வரும் நீருக்கு. கீழிருந்து வரும் நீருக்கு வடிகாலும் மாம்பலம் கால்வாயும்தான் கதி, அவை மாநகராட்சியின் கையில். ஆக, வீட்டு உழைப்பு என்ற ஒன்று தேவையில்லாமல் போய், 'பருவமழை முன்னெச்சரிக்கை நடவடிக்கை' என்ற அரசுச் சொல்லாடல் அந்த இடத்தில் உட்கார்ந்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் ஆய்வுக்கூட்டம் நடக்கும், மோட்டார் பம்புகளின் எண்ணிக்கை அறிவிக்கப்படும், தூர்வாரும் படம் நாளிதழில் வரும். அந்தப் படத்தில் வடிகாலுக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பவர் எந்தச் சாதிக்காரராக இருப்பார் என்று கேட்டால் மட்டும் கூட்டத்தில் மௌனம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் புதிதாக வந்தது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலக்கும் ஊரில், மழைநீர்த் தூர் எது மலத்தூர் எது என்று சட்டம் பிரித்துப் பார்க்குமா?

இன்னொரு மாற்றம் யாரும் அறிவிக்காமல் நடந்தது. சாலை உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடுவது ஒப்பந்ததாரருக்கு லாபம். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம். திண்ணைக்கு ஏறிய படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் புதைந்தன. மயிலாப்பூரில், மாம்பலத்தில் சில பழைய வீடுகளுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். முன்பு தெருவைவிட உயர்ந்து நின்று மழையைத் தெருவுக்கு அனுப்பிய வீடு, இப்போது தெருவின் வடிகால். அஸ்திவார உயரம் என்பது ஒரு குடும்பம் தலைமுறைகளுக்காகச் செய்துவைத்த மழைக்காலத் தயாரிப்பு. அதை ஒரு அரசாணைகூட இல்லாமல் பறித்துவிட முடிந்திருக்கிறது. திண்ணையே போனபின் திண்ணையில் மழைக்கு ஒதுங்கிய வழிப்போக்கனைப் பற்றி யார் பேசப்போகிறார்கள். (எல்லாச் சாதிக்காரரும் ஒதுங்க முடிந்த திண்ணையா அது என்ற கேள்வியும் உண்டு. திண்ணைப் பெருமை பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.)

வீட்டைத் தன் கூரையைப் பார்க்கும்படி அரசு திரும்பச் சொன்னது ஒரே ஒரு முறை: 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது. மொட்டைமாடியிலிருந்து குழாய் இறக்கி, கிணற்றுக்கோ கசிவுக்குழிக்கோ விட வேண்டும். பல தெருக்களில் கிணற்று நீர்மட்டம் ஏறியது உண்மை. ஆனால் குழாயை மாட்டிய பிறகு ஆண்டுதோறும் மாடியைப் பெருக்கி, வடிகட்டியில் மணலை மாற்றும் வேலை இருக்கிறதே, அது சட்டத்தில் இருந்தாலும் பழக்கத்தில் வரவில்லை. முற்றத்து அண்டாவைத் தூக்கி எறிந்துவிட்டு அதன் இடத்தில் ஒரு பிவிசி குழாயை வைத்தால் அண்டா வைத்த கையும் திரும்பி வந்துவிடாது.

2015 நவம்பரில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. பங்களாக்காரர்களும் குடிசைக்காரர்களும் ஒரே படகில் ஏறினார்கள் என்று அப்போது பத்திரிகைகள் உருகின. ஒரே படகில் ஏறினார்கள்தான். இறங்கிய கரை வேறு. வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரைக் குடியிருப்புகளை 'ஆக்கிரமிப்பு' என்று அடையாளமிட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்ககங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே வீடு என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியபோது, கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் ஏற்கெனவே நகரின் தெற்கு விளிம்பாகியிருந்தன. வேடிக்கை என்னவென்றால் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர்வழியில் இருக்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளம் வரும் இடத்துக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்த அடுக்ககங்களின் தரைத்தளம் தண்ணீரில் நின்றது. ஒரு வர்க்கத்தின் குடியிருப்பையே அப்புறப்படுத்துவதுதான் நகரம் கூதிருக்குச் செய்துகொள்ளும் தயாரிப்பு என்றால், ஆற்றங்கரையில் அனுமதியோடு எழுந்த மருத்துவமனைகளும் அலுவலகக் கோபுரங்களும் ஏன் அந்தத் தயாரிப்பில் சேரவில்லை?

2021 நவம்பர் 6 இரவும் 7 காலையுமாக நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்மார்ட் சிட்டி என்று கோடிகள் செலவிட்ட தி.நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. திருப்புகழ் தலைமையில் குழு வந்தது, வடிகால் பணிகள் ஊரெங்கும் தோண்டப்பட்டன. இதற்கிடையே வசதியுள்ளவர்கள் மறுபடியும் வீட்டைத் தாங்களே ஒருக்கத் தொடங்கிவிட்டார்கள். அஸ்திவாரத்தை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வைத்து, முழு வீட்டையும் மூன்று நான்கு அடி தூக்குகிறார்கள். ஜாக்கியைத் திருகுபவர்கள் பெரும்பாலும் வடமாநிலத் தொழிலாளர்கள். ஒருவர் சத்தம் கொடுக்க, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருக வேண்டும். தாளம் தப்பினால் சுவர் விரியும்.

தெருவைத் தூக்கியதால் வீட்டைத் தூக்க வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கை அனுப்பினார். சுரண்டும் எந்திரம் அதற்குப் பிறகு சில தெருக்களுக்கு வந்தது. அது சுரண்டுவது புதிதாகப் போடப்போகும் கனத்தை மட்டும்; ஏற்கெனவே ஏறிய உயரம் ஏறியபடியே இருக்கிறது. பக்கத்து வீட்டைத் தூக்கியவுடன் அந்த வீட்டு மாடித்தண்ணீரும் தூக்க முடியாத வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த வாசலில் இப்போது செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு முழ உயரத்துக்குக் குறுக்குச்சுவர் கட்டுகிறார்கள். ஐப்பசியில் கட்டி, தையில் இடித்துவிடுகிறார்கள்.